விற்பதற்காக வெள்ளையடித்த வீடு

எங்கள் சாப்பாட்டு மேசையில் மூன்று கிழமையாக ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருந்தது. அதற்குள் ஏழு எலுமிச்சம்பழங்கள். அவற்றை ஊறுகாய் போடக்கூடாது, வெட்டக்கூடாது, ஒன்றை உருவி மற்றவற்றைச் சரிய விடவும் கூடாது. அவை அலங்காரம். ஒரு நாள் சொதிக்குப் புளி விடுவதற்கு நான் கையை நீட்ட, "இஞ்சருமப்பா, அது வீடு விக்கிறதுக்கு வைச்சதெல்லே" என்று என் கணவர் தடுத்தார். பிறகு அவரே மழைக்குள் மூலைக் கடைக்குப் போய், சாப்பிடுவதற்கென்று வேறு இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கி வந்தார். ஊரிலிருந்து இதை வாசிப்பவர்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரியுங்கள். லண்டனில் வீடு விற்கப் போகிற அன்றைக்கு உங்களுக்கும் விளங்கும்.

வீட்டை விற்க நாங்கள் ஆசைப்பட்டு நிற்கவில்லை. போன தையில் இவருக்கு நெஞ்சு நோ வந்து அம்புலன்ஸ் வந்தது. இரத்தக் குழாய்க்குள் இரண்டு இடத்தில் கம்பி வலை வைத்து அனுப்பினார்கள். மனோர் பார்க்கில் எங்கள் வீடு, ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கிற பழைய வீடுகளில் ஒன்று. படுக்கையறை மேலே, குளியலறையும் மேலே, நடுவில் பதின்மூன்று படி. இவர் நாலாம் படியில் ஒருமுறை, ஒன்பதாம் படியில் ஒருமுறை இருந்து இளைப்பாறித்தான் ஏறுவார். மகள் தர்ஷினி லண்டனின் மறுகோடியில், மிச்சம் என்கிற ஊரில், தன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, நிலத்தளத்தில் ஒரு சின்ன வீடு பார்த்துவிட்டாள். அதன் சொந்தக்காரர் மாத முடிவு வரைதான் பொறுப்பார். எங்கள் வீடோ நாலு மாதமாக விலைப்படாமல் கிடந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "லவ்லி" என்றார்கள். இந்த நாட்டில் "லவ்லி" என்று சொன்னால் ஆள் திரும்பி வரமாட்டார் என்று அர்த்தம்.

காரணத்தைக் கண்டுபிடிக்க விற்பனை முகவர் வந்தான். ஒலிவர் என்று பெயர், இருபத்தைந்து வயதிருக்கும், அந்தக் குளிரிலும் காலுறை போடாத பிள்ளை. முன்னறை நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். கண்ணாடி அலுமாரிக்குள் இதுவரை ஒருவரும் தேநீர் குடிக்காத தேநீர்க் கோப்பைகள், பிளாஸ்டிக் உறை கழற்றாத சோபா, முருகன் படம் போட்ட மூன்று நாட்காட்டிகள், தர்ஷினி பெரியபிள்ளையானபோது எடுத்த சாமத்திய வீட்டுப் படம், எல்லாவற்றுக்கும் மேலே இவருடைய அறுபதாம் கலியாணத்துப் படம். அதில் இவர் பட்டு வேட்டியோடு தலை முதல் கால் வரை நிற்கிறார். ஒலிவர் மிகவும் பண்பாகச் சொன்னான், வாங்க வருகிறவர்கள் தங்களை இந்த வீட்டில் கற்பனை செய்து பார்க்க வேண்டுமாம், இப்போது அவர்களுக்கு எங்களைத்தான் கற்பனை செய்ய முடிகிறதாம். ஆகவே நாங்கள் வீட்டில் இருக்கலாம், ஆனால் இருப்பதுபோல் தெரியக்கூடாது. அகதியாக வந்த புதிதில் நாங்கள் நன்றாகப் பழகிய கலைதான் அது. முப்பது வருடத்தில் கொஞ்சம் மறந்துபோயிருந்தது.

எங்கள் பக்கத்தில் காணி வீடு வாங்க வருகிறவன் கிணற்றுத் தண்ணீரை அள்ளிக் குடித்துப் பார்ப்பான். வேலி எல்லையைக் காலால் அளப்பான், பக்கத்து வீட்டுக்காரன் வழக்காளியா என்று சந்திக் கடையில் விசாரிப்பான். என்னுடைய ஐயா கொடிகாமத்தில் காணி வாங்கியபோது மூன்று நாள் அந்த ஒழுங்கையில் சைக்கிளில் திரிந்தார். உள்ளே கதிரை என்ன நிறம் என்று அவர் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை. இங்கே சுவருக்குள் ஈரம் இருக்கலாம், கூரை ஒழுகலாம், தலையணை மட்டும் திரைச்சீலையோடு ஒத்துப்போக வேண்டும்.

தர்ஷினி உடனே பொறுப்பெடுத்தாள். குறைந்த செலவில் வீட்டைப் பணக்கார வீடாகக் காட்டுவது எப்படி என்று நாளுக்கு நாலு காணொளி அனுப்பினாள். அவற்றில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்தபடியே இருப்பாள். பழைய ஏணியைச் சுவரில் சாத்தி அதில் துவாயைத் தொங்கவிட்டால் அழகு என்பாள். எங்கள் வீட்டிலும் ஒரு ஏணி சுவரில் சாத்தியபடிதான் நிற்கிறது, அதை இதுநாள்வரை சோம்பேறித்தனம் என்று நினைத்து இவரை ஏசிக்கொண்டிருந்தேன். காய்ந்த நாணலை ஒரு சாடியில் குத்தி வைக்கச் சொன்னாள். சோபாவில் ஒரு போர்வையைத் தற்செயலாக விழுந்ததுபோல் போடச் சொன்னாள், அந்தத் தற்செயல் சரிவர எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. பெரிய கண்ணாடி ஒன்று அறையை இரண்டு மடங்காக்கும் என்றாள். பழைய சாமான் விற்கிற தர்மக் கடையில் எட்டுப் பவுணுக்குக் கிடைத்தது. அதை நானும் இவரும் பஸ்ஸில் கொண்டுவந்தோம், வழி முழுக்க பஸ்ஸின் மேல்மாடியில் இருந்த சனமெல்லாம் இறங்கும்போது அதில் தலைவாரிக்கொண்டு போனார்கள்.

பிறகு பெயின்ட். வெள்ளை என்றால் வெள்ளை என்றுதான் நான் நினைத்திருந்தேன். கடையில் முட்டைக்கோது வெள்ளை, மூடுபனி வெள்ளை, பழைய கடதாசி வெள்ளை என்று ஒரு சுவர் நிறைய அட்டை. தர்ஷினி போனில் படம் பார்த்து, மூடுபனி என்றாள். வாளியைத் திறந்தால் எங்கள் ஊர்ச் சுண்ணாம்பு. "அம்மா, இட்ஸ் டோட்டலி டிஃபரன்ட்" என்றாள் மகள். அவளோடு நான் நிறத்தைப் பற்றி வாக்குவாதம் செய்வதில்லை.

விளையாட்டாக எழுதுகிறேனே தவிர, அந்த முன்னறையை நிரப்ப எங்களுக்கு எத்தனை வருடம் போனது என்று எனக்குத் தெரியும். முதல் மேசை தெருவோரம் எறிந்து கிடந்தது. இரவு வேலை முடிந்து வந்த இவரும் இன்னொரு பொடியனும் அதைத் தலையில் சுமந்து வந்தார்கள். கண்ணாடி அலுமாரி, கனடாவுக்குப் போன ஒரு குடும்பம் விட்டுப்போனது. அதை முதன்முதலில் துடைத்து வைத்த அன்று, இனி எங்களை யாரும் எழுப்பி அனுப்பமாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. அலங்காரம் என்று நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. கிடைத்ததை வைத்தோம், கிடைத்ததை எடுக்க விடவில்லை, அவ்வளவுதான்.

ஒலிவர் ஒரு தம்பதியை சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கொண்டுவருவதாகச் சொன்னான். இவர்களை விட்டால் மாத முடிவுக்குள் வேறு ஆள் இல்லை என்பதையும் சொன்னான். வெள்ளிக்கிழமை நானும் இவரும் முன்னறையை ஒழித்து வெறுமையாக்கினோம். தர்ஷினியின் புருஷன் வேலைக்குப் போகிற வழியில் வந்து சோபாவை முன்வாசலில் தூக்கி வைத்துவிட்டுப் போனார். அலுமாரியைப் பின்னுக்குத் தள்ளினோம். யன்னல் சீலைகளைக் கழற்றினோம். பெயின்ட் சிந்தாமலிருக்கப் பழைய வெள்ளைப் படுக்கை விரிப்புகளை நிலம் முழுக்க விரித்தோம். படியின் கீழிருந்த சாமியறையை ஒலிவர் "வாசிப்பு மூலை" ஆக்கச் சொல்லியிருந்தான். அதற்குள்ளும் வெள்ளையடித்ததால் சாமிப் படங்கள் பெட்டிக்குள் போயின. குத்துவிளக்கை மட்டும் முன்னறை நிலத்தில் வைத்தேன். இவருடைய பெரிய படத்தைத் துடைத்துக் கட்டுவோமென்று இறக்கி ஒரு கதிரையில் சாத்தினேன். அறுபதாம் கலியாணத்துச் சந்தன மாலை அதுவரை பக்கத்து ஆணியில் தனியே தொங்கியது. வைக்க வேறு இடமில்லாமல், அதைப் படத்தின் சட்டத்திலேயே மாட்டிவிட்டேன். பின்னேரமானது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் இருக்கலாமா? நிலத்தில் இருந்த விளக்கை இருந்த இடத்திலேயே ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, மேலே படுக்கையறைக்குப் பெயின்ட் அடிக்கப் போனேன். என் போன் ஏதோ ஒரு பெட்டியின் அடியில் சாமிகளோடு போய்விட்டது. இவர் போன் வைத்திருப்பவரே தவிர எடுப்பவரல்ல.

இப்போது நீங்கள் எதிர் வீட்டில் நின்று பாருங்கள். எதிர் வீட்டில் இருப்பவர் பரா அண்ணை, ஓய்வு பெற்றவர், எங்கள் தெருவில் அவருக்குத் தெரியாமல் குப்பை வண்டிகூடத் திரும்பாது. தையில் அம்புலன்ஸ் வந்ததைப் பார்த்தவர். வெள்ளி பின்னேரம் அவர் தன் யன்னலால் பார்க்கிறார். சோபா வெளியே கிடக்கிறது. சீலையில்லாத யன்னலுக்குள் ஒழித்த முன்னறை, நிலமெல்லாம் வெள்ளை, நடுவில் கதிரையில் இவருடைய படம், படத்துக்கு மாலை, பக்கத்தில் விளக்கு. ஒலிவருக்கு அது புதுப்பாணி வீடு. யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் அது செத்த வீடு.

பரா அண்ணை பண்பு தெரிந்தவர். இழவு வீட்டுக்குப் போன் எடுத்து "உண்மையோ" என்று கேட்பது முறையில்லை. ஆகவே எங்கள் வீட்டைத் தவிர மற்ற எல்லா வீட்டுக்கும் எடுத்தார்.

சனிக்கிழமை காலையில், கடைசி நேர அலங்காரமாக வெள்ளைப் பூ வாங்கி வைக்கச் சொல்லி மகளிடமிருந்து இவருக்குச் செய்தி வந்திருந்தது. அதிசயமாக அதைப் பார்த்துவிட்டு, இவர் பின்கதவால் பூக்கடைக்குப் போனார். பத்து மணிக்குக் கதவு மெல்லத் தட்டப்பட்டது. பரா அண்ணையின் மனைவி இராசாத்தி அக்கா, கையில் தேநீர் நிறைத்த பெரிய சூட்டுப் போத்தலோடு. என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்து விம்மத் தொடங்கினா. அவவுக்குத்தான் ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்து நான் முதுகைத் தடவினேன்.

"என்னக்கா, என்ன நடந்தது?"

"நீ ஒண்டும் கதைக்காதை. இதிலை இரு. முதல் இந்தத் தேத்தண்ணியைக் குடி. ராத்திரி ஏதும் சாப்பிட்டனியோ?"

"இல்லையக்கா, எங்கை நேரம்? எல்லாத்தையும் ஒழிச்சுப்போட்டு அப்பிடியே படுத்திட்டன்."

அக்கா இன்னும் பெரிதாக அழுதா. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எத்தினை மணிக்குக் கொண்டு வருவினம்?" என்றா. வீடு பார்க்க ஆட்களைக் கொண்டுவருவதைத்தான் கேட்கிறா என்று நான் நினைத்தேன். தெருவே அறிந்த விசயம்தானே. "பதினொரு மணிக்கு, அக்கா."

"பதினொண்டுக்காம்" என்று அக்கா வாசலைப் பார்த்துச் சொன்னா. அப்போதுதான் கவனித்தேன், வாசலில் இன்னும் ஏழெட்டுப் பேர். கோயிலில் காணும் முகங்கள், மூலைக் கடைக்காரர், முன்பு இவரோடு வேலை செய்த இருவர். வந்தார்கள், வந்துகொண்டே இருந்தார்கள். சப்பாத்துகள் கதவிலிருந்து நடைபாதை வரை நிறைந்தன. ஆண்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்வாசலில் நின்று தாழ்ந்த குரலில் கதைத்தார்கள். பெண்கள் வெள்ளை விரிப்பில் வரிசையாக இருந்தார்கள். குசினிக்குள் யாரோ புட்டும் சம்பலும் கொண்டுபோய் வைத்தார்கள். வீட்டை விட்டுப் போகிறோமென்று வழியனுப்ப வந்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். நான் வெள்ளையடித்த சுவரில் ஒருவரும் சாயக்கூடாதே என்று மட்டும் எனக்குக் கவலை.

கோயில் நிர்வாகத்தில் இருக்கிற ஒருவர் என் பக்கத்தில் குனிந்தார். "தங்கச்சி, பிள்ளை வந்திட்டுதோ? கிரியைக்கு ஐயரோடை நான் கதைக்கட்டோ?" அவருடைய கண் போன திசையில் நானும் பார்த்தேன். கதிரை, படம், மாலை. காலையிலும் நான் பழக்கதோசத்தில் ஏற்றிவிட்டிருந்த விளக்கு.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் வாசலில் ஒலிவர். அவனுக்குப் பின்னால் ஓர் இளம் தம்பதி, பெண் ஆறேழு மாதப் பிள்ளைத்தாச்சி. நேரம் சரியாகப் பதினொன்று.

வெட்கத்தை விட்டு ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். "மனிசன் உயிரோடதான் இருக்கிறார்" என்று நான் உடனே கத்தியிருக்க வேண்டும். ஆனால் கத்தினால் எழும்பப் போகிற அமளியில் இந்த இரண்டு பேரும் ஓடிவிடுவார்கள், மிச்சத்து வீடும் போய்விடும் என்று ஒரு கணக்கு மனதில் ஓடியது. இரண்டு விநாடி, கூடினால் மூன்று, வீடு விலைப்படுவதற்காக என் புருஷனைச் செத்தவராகவே விட்டுவைத்தேன்.

அந்தப் பெண் சப்பாத்துக் குவியலைப் பார்த்துத் தானும் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். படத்தைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள், என் கையைப் பிடித்தாள். மிகவும் வருந்துவதாகவும், வேறு நாளில் வரலாமென்றும் ஆங்கிலத்தில் சொன்னாள். உங்கள் கணவரா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பூ வாங்கப் போயிருக்கிறார், இப்போது வந்துவிடுவார் என்றேன். அவள் என்னை மேலும் இரக்கத்தோடு பார்த்தாள். அதிர்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

அப்போது வாசலில் பேச்சுச் சத்தம் நின்றது. யன்னலால் பார்த்தேன். வெள்ளைப் பூங்கொத்தோடு இவர் நடந்து வருகிறார். ஆண்கள் இரண்டு பக்கமும் விலகினார்கள். பரா அண்ணையின் கையிலிருந்த கோப்பை சோபாவில் கவிழ்ந்தது. நல்லகாலம், பிளாஸ்டிக் உறை.

"ஐசே... நீர்..."

"ஓமண்ணை, பூ வாங்கப் போனனான். பஸ் பிந்திப்போச்சு" என்று இவர் சொல்லிவிட்டு, சனத்தைச் சுற்றிப் பார்த்தார். "என்ன, எல்லாரும் வீடு வாங்கவோ வந்தனியள்?"

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. இராசாத்தி அக்கா இவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சிரிப்பும் அழுகையுமாக நின்றா. பரா அண்ணையை எல்லாரும் ஒரேநேரத்தில் ஏசினார்கள். "நான் கண்ணாலை கண்டனான்!" என்று அவர் எங்கள் முன்னறையைக் காட்டிக் காட்டி வாதாடினார். வந்த புட்டை என்ன செய்வது? எல்லாரும் சாப்பிட்டார்கள். அந்தத் தம்பதிக்கும் தட்டில் வைத்துக் கொடுத்தோம். நான் ஒலிவருக்கு நடந்ததை விளங்கப்படுத்த முயன்றேன். அவன் பாதியில் நிறுத்தி, தம்பதியிடம் திரும்பி, இந்தத் தெருவின் சமூக உணர்வு அபாரமானது என்று மொழிபெயர்த்தான். யாராவது வீடு மாறினால் எல்லாரும் இப்படி வருவார்களா என்று அந்தப் பெண் இராசாத்தி அக்காவைக் கேட்டாள். அக்கா சம்பலை அவள் தட்டில் வைத்தபடி "யேஸ், யேஸ், ஓல்வேய்ஸ்" என்றா. மேல்மாடியைப் பார்க்க அவர்கள் ஐந்து நிமிடம்தான் செலவழித்தார்கள். ஏழு எலுமிச்சம்பழத்தையும் காய்ந்த நாணலையும் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

சனம் போனபிறகு இவருக்குச் சொல்ல முடியாத சந்தோசம். யார் யார் வந்தது, தன்னைப் பற்றி என்ன சொன்னது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "நல்ல மனிசன்" என்று மூலைக் கடைக்காரர் சொன்னதை இரண்டாம் தரமும் சொல்ல வைத்தார். சிரித்துக்கொண்டே மேலே போகத் தொடங்கியவர், நாலாம் படியில் இருந்துவிட்டார். நெஞ்சில் கை. "ஒண்டுமில்லை, இளைப்பு" என்றார். நான் கீழே நின்றேன். ஒழித்த அறை எனக்குப் பின்னால் அப்படியே இருந்தது.

எனக்குப் பயமாக இருந்தது. பரா அண்ணை ஒன்றும் பொய்யாகக் காணவில்லை, வரப்போகிற நாளை முந்திக் கண்டுவிட்டார், அவ்வளவுதான். அன்றைக்கு யார் முதலில் வருவார்கள், யார் தேநீர் கொண்டுவருவார்கள், யார் ஐயரோடு கதைப்பார்கள் என்று எல்லாம் எனக்குக் காட்டப்பட்டுவிட்டது. இதே அறை இதற்கு முன்பும் ஒருமுறை ஒழிந்திருக்கிறது. நாங்கள் இந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்த புதிதில் என் ஐயா ஊரில் செத்துப்போனார். எட்டாம் நாள்தான் செய்தி வந்தது. அகதி வழக்கு முடியவில்லை, கையில் கடவுச்சீட்டு இல்லை, போக வழியே இல்லை. உடலில்லாத செத்த வீட்டுக்கு யார் வருவார்கள் என்று நான் சுவரைப் பார்த்து இருந்தபோது இந்தப் பரா அண்ணையும் அக்காவும்தான் இதே சூட்டுப் போத்தலோடு வந்தார்கள், பின்னால் பத்துப் பதினைந்து பேர். முன்பின் தெரியாதவர்கள் என் ஐயாவுக்காக இந்த நிலத்தில் இருந்து அழுதார்கள்.

திங்கட்கிழமை ஒலிவர் அழைத்தான். தம்பதி கேட்ட விலையைக் கொடுக்கிறார்களாம். அலங்காரம் வேலை செய்துவிட்டது என்று என்னைப் பாராட்டினான். நாளைக்குப் பதில் சொல்கிறேன் என்றேன். தர்ஷினி போனில் துள்ளினாள். "அம்மா, மிச்சம் இஸ் நொட் மார்ஸ். இங்கேயும் தமிழ் ஆக்கள் இருக்கினம்தானே" என்றாள். இருக்கிறார்கள், கடையிலும் ட்ராமிலும் காண்கிறேன். ஆனால் யன்னலால் எங்கள் முன்னறையைப் பார்த்து நெஞ்சு பதறுகிறவர்களாக அவர்கள் மாற முப்பது வருடம் வேண்டும். எங்களிடம் அவ்வளவு கையிருப்பு இல்லை. அதை மகளிடம் எப்படிச் சொல்வது? அடுத்த நாள் காலை, ஒன்பதாம் படியில் இருந்த இவரைப் பார்த்தபடியே ஒலிவருக்குச் சம்மதம் சொன்னேன்.

இப்போது மிச்சத்தில் இருக்கிறோம். படியில்லை. சுவர்களுக்கு மாம்பழ மஞ்சள் அடித்தேன். தர்ஷினி முகத்தைச் சுழித்தாள், பரவாயில்லை. வருகிற ஞாயிறு பால் காய்ச்சுகிறோம். மனோர் பார்க்கில் அன்றைக்கு வந்த எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் எழுதினேன். எலிசபெத் லைனில் ஏறிப் பாரிங்டனில் இறங்கி, சட்டன் பக்கம் போகிற ரயில் பிடித்து வாருங்கள் என்று எழுதினேன். ரயில் ஓடாவிட்டால் எந்த பஸ், ட்ராமில் வந்தால் எங்கே இறங்குவது, வாகனத்தை எந்தத் தெருவில் விடலாம், வயதானவர்கள் எத்தனை நிமிடம் நடக்க வேண்டும், என்று எல்லாம் எழுதினேன். ஒருமுறை வந்து பழகிவிட்டால் அடுத்தமுறை யாரும் வழி கேட்கத் தேவையில்லை.

இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் போனை வாங்கி வாசித்தார். "பால் காய்ச்சுறதுக்கு இவ்வளவு விபரம் ஏனப்பா?" என்றார். அவர் இன்னொரு தரம் முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். பிறகு எழுந்துபோய் யன்னலால் முன்வாசலைப் பார்த்தார்.

"உதிலை பத்துப் பேர்கூட நிக்க ஏலாது" என்றார். "பின்பக்கத்தாலையும் வரலாமெண்டு ஒரு வரி சேர்த்துப் போடும்."

சேர்த்து அனுப்பினேன்.